யாருக்கு வலிக்குது?

அந்த அக்காவை மலேசியாவில், ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பஸ்ஸில் ஒரே ஒரு முறை சந்தித்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ரப்பர் பால்கறை படிந்த விரல்களால், மடியிலிருந்த பையைத் திறந்து சிவப்பு அடையாளக் கார்டை எடுத்துப் பார்ப்பதும் மறுபடி உள்ளே வைப்பதுமாக இருந்தார். குடியுரிமை இல்லாதவர்களுக்கான கார்டு அது. அன்று காலைதான் அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்களாம். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

என் கையிலிருந்த சமூகவியல் புத்தகத்தைப் பார்த்து, "இதுல என்ன தம்பி போட்டிருக்கு?" என்றார்.

எப்படித் தேற்றுவதென்று தெரியாமல், அன்று படித்துக்கொண்டிருந்த செயல்பாட்டுக் கோட்பாட்டையே விளக்கினேன். "சமுதாயம் ஒரு உடம்பு மாதிரிக்கா. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை இருக்கு. எல்லாம் சேர்ந்துதான் உடம்பு நல்லா இருக்கு."

"உடம்புன்னா ஒரு விரல வெட்டினாலும் உடம்பு முழுக்க வலிக்கணும்லா," என்றார். "இருவது வருசமா ரப்பர் மரத்துல பால் வெட்டுனேன். இப்ப என்னை வெட்டிட்டாங்க. யாருக்கு வலிக்குது, சொல்லுங்க?"

சிம்பாங் பூலாயில் இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தேர்வில் அந்தக் கோட்பாட்டின் குறைகளைக் கேட்டிருந்தார்கள். அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன். "இது யார் கூற்று?" என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். நான் அந்த அக்காவின் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருக்கவில்லை.