மூன்று பத்துக்குத் தட்டிய கதவு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், என் சொந்தத் தையல் கடையில், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பத்துக்கு நடந்தது.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடை ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடமாக டிரையல் ரூமுக்கு வெறும் திரைதான். துணி போட்டுப் பார்க்க வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். மூடிய கதவைப் பார்த்தாலே எனக்குக் கைகால் உதறும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? இரண்டு வருடம் மனநல டாக்டரிடம் போனேன். விளக்கை அணைத்துத் தூங்கப் பழகினேன். கடைசியாகத் தச்சரைக் கூப்பிட்டுக் கதவு போட்டேன். உள்ளே ஒரு தாழ்ப்பாள், காற்றில் ஆடாமல் இருக்க வெளியே ஒன்று. அன்று தெருவுக்கே சாக்லேட் கொடுக்காத குறைதான், அவ்வளவு பெருமை எனக்கு.

எங்கள் அப்பா அடிக்க மாட்டார். சாமான் அறையில் தள்ளி வெளியே தாழிடுவார். நானும் தம்பியும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். உள்ளிருந்து இரண்டு முறை தட்டினால், ‘இருக்கியா?’ வெளியிலிருந்து ஒரு முறை தட்டினால், ‘இருக்கேன்.’ அதை வைத்தே மணிக்கணக்காக ஓட்டிவிடுவோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் என் சடை ரிப்பன் ஒன்று அப்பாவின் மேசைக்கடியில் விழுந்தது. அதை எடுக்கப்போய் மேசையை இடித்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கீழே தள்ளி உடைத்துவிட்டேன். “யாரு?” என்றார். நான் சின்னவனைக் கைகாட்டினேன்.

அவன் உள்ளே போனான். தட்டினான். நான் பதிலுக்குத் தட்டவில்லை. பயமா, வெட்கமா, தெரியாது. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். சாயங்காலம்வரை அவன் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வளர்ந்தான், வேறு ஊருக்குப் போனான். பதினோரு வருடமாகப் போன்கூட இல்லை. நான் தேறிவிட்டேன். அவன் தேறினானா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். மின்விசிறிக் காற்றில் புதுக்கதவு படபடத்தது. எழுந்து வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது... அப்பா போடுவதைப் போலவே, கட்டைவிரலால் தள்ளிப் போட்டிருந்தேன்.

மெஷினில் வந்து உட்கார்ந்தேன். மணி மூன்று பத்து.

டக்... டக்.

கை நின்றது.

டக்... டக்.

உள்ளே யாரும் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. சத்தம் கதவின் கீழ்ப்பாதியிலிருந்து வந்தது. என் இடுப்பு உயரம்கூட இருக்காது.

குனிந்து கதவின் அடியிடுக்கில் பார்த்தேன். கால்கள் எதுவும் இல்லை.

டக்... டக்.

மூன்று இருபது. நிற்கவில்லை.

தெருவுக்கு ஓடிவிடலாம். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போதும் இப்படித்தானே போனேன்...

திரும்பி வந்தேன். கதவடியில் உட்கார்ந்தேன்.

தட்டினேன். ஒரு முறை.

சத்தம் நின்றது.

“கண்ணாடிய உடைச்சது நான்தான்டா, சின்னவனே... நான்தான்.”

தாழ்ப்பாளைத் திறந்தேன். மூன்று முப்பத்தொன்று.

உள்ளே யாருமில்லை.

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் போன் அடித்தது.

“அக்கா.”

அவன் குரல்தான்.

“நேத்து ஆபீஸ் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்கா. மூணு பத்துக்கு. கரண்ட் போயிடுச்சு. பழசெல்லாம் வந்துடுச்சு. தட்டினேன்... நம்ம தட்டு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ஏன்கா அவ்ளோ நேரம்? பரவாயில்ல, தட்டினியே. நீ சொன்னதும் கேட்டுச்சு. மூணு முப்பத்தொண்ணுக்கு லிஃப்ட் திறந்துடுச்சு.”

வாய்விட்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவனும் அழுதான். முப்பத்து நான்கு வருடப் பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் கேட்டான்.

“அந்தப் பொண்ணு யாருக்கா?”

“எந்தப் பொண்ணு?”

“லிஃப்டுக்குள்ள என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளே. மொபைல் வெளிச்சத்துல பார்த்தேன். ஒம்பது வயசு இருக்கும். ரெட்டைச் சடை. ஒண்ணுல ரிப்பன் இல்ல.”

ரிப்பன் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட.

“அவளும்... உன்கூட வெளிய வந்தாளா?”

“கூப்பிட்டேன்கா. வரல. கதவு மூடிக்கிச்சு.”

நான் அந்தக் கதவைக் கழற்றவில்லை. தினமும் மூன்று பத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு அதனடியில் உட்கார்ந்து ஒரு முறை தட்டுகிறேன். ‘இருக்கேன்.’

உள்ளிருந்து இன்னும் சத்தம் வரவில்லை. இந்த முறை நான் எழுந்து போவதாக இல்லை.