மரக்கூண்டில் நின்ற யானை

தங்கையின் கணவர் இறந்தது மாசியில். விடியும் முன் தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போனவரைத் தொண்டாமுத்தூர்த் தோட்டத்திலேயே யானை மிதித்துவிட்டது. பங்குனியில், அந்தப் பக்கம் சுற்றிய கொம்பன் ஒன்றை மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றினார்கள். ஊரே நின்று பார்த்தது. என் தங்கை வெளியே வரவில்லை; அவளிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

ஆவணியில், அதன் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். அதைக் கொண்டுபோயிருந்த ஆனைமலைக் காட்டுக்கு அழைத்துப் போனேன்.

மேலே தூறல். மரங்கள் ஒன்றோடொன்று கூடிப் பகலை மறைத்திருந்தன. சோலைமந்தி ஒன்று காட்டுப் பலாவைப் பிளந்து தின்றுகொண்டிருந்தது. வனத்துறை வேனின் ஓட்டுநர் இருவாச்சிப் பறவையைக் காட்டியபோது எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். இறக்கைச் சத்தம் உள்ளேயே கேட்டது. தங்கை நிமிரவில்லை.

யானை முகாமில், கரால் என்கிற மரக்கூண்டுக்குள் அது நின்றது. திரும்பக்கூட இடமில்லை. பாகன் நீட்டிய கரும்பை வாங்கிக்கொண்டது. தங்கை கூண்டைச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இது இல்லீங்கண்ணா" என்றாள்.

கணவர் இறந்த அன்று டார்ச் வெளிச்சத்தில் அவள் பார்த்த யானைக்கு இடது காது பாதி கிழிந்து தொங்கியதாம். இதற்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன.

மறுபடி காட்டில் விடுவார்களா என்று பாகனிடம் கேட்டாள். பழக்கியாயிற்று, இனி இங்கேதான், பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறது என்றார் அவர், சந்தோஷமாக.

மலையிறங்கும்போதுதான் பேசினாள். "ஊர்ல சொல்லிப்போடாதீங்கண்ணா. இன்னொண்ணையப் புடிச்சுட்டு வந்து இப்படி அடைச்சுப்போடுவாங்க. இது சாகோணும்னு தெனமும் வெளக்கு வெச்சு வேண்டுனனுங்க."

"அப்ப அந்தக் காது கிழிஞ்ச ஆனை அங்கதானே சுத்தீட்டிருக்கும் அம்மணி?"

நம் தோட்டங்களுக்கு முன்பே அங்கே யானைகளின் வழித்தடம் இருந்தது என்று படித்திருக்கிறேன்.

இது கார்த்திகை. அவள் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன வாரம் சிரித்தபடி என்னிடம் சொன்னார்: தண்ணீர் கட்ட இருட்டோடு கிளம்பினால் தங்கை வழிமறித்துக் காபி குடிக்கச் சொல்கிறாளாம். "ஆனையத்தான் புடிச்சாச்சே அம்மணி, இன்னென்ன பயம்?" என்று கேட்டாராம். அவள் வாசலைவிட்டு நகரவில்லையாம். கிழக்கு வெளுத்த பிறகுதான் வழிவிட்டாளாம்.