ஆடு கட்டிய மீசான் கல்

தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலும் பிறகு வள்ளத்திலும் போகவேண்டிய சின்னத் தீவு. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்று அங்கே இடிந்து கிடக்கிறது. பார்க்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் கல்முனையில் எல்லோருக்கும் யாழ்ப்பாணம் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் தெருவிலும் ஒரு பஸ் பிடித்தார்கள். புரியாணிச் சட்டி ஏறியது, பாய்கள் ஏறின, கடைசி ஆசனத்தில் நானும் என் கணவரும் ஏறினோம். மற்றவர்கள் போனது கோட்டை பார்க்க. அவர் போனது தன் வாப்பாவை அடக்கிய கபுறைப் பார்க்க.

அவர் அந்தத் தீவில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் வைத்திருந்தவர்கள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது உடுத்த சாரத்தோடு வந்தவர். எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அது வழக்கம், யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. ஆனால் இவருக்கு மட்டும் 'அகதி மாப்பிள்ளை' என்று பட்டம் வைத்தார்கள். வைத்தவர்கள் ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர்கள்.

என் உம்மா எனக்குத் தந்த வீடு கடற்கரைத் தெருவில் இருந்தது. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் மகளின் கையைப் பிடித்திருந்தவர் அவர்தான். இறுக்கித்தான் பிடித்திருந்தார். அலை பிடுங்கிக்கொண்டது. மையித்துகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரே குழியில் அடக்கினார்கள். அதில் என் மகளும் இருந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைமாட்டில் ஒரு மீசான் கல்லை நட்டு, வெள்ளிக்கிழமைகளில் போய் நின்று ஓத எங்களுக்கு ஓர் இடம் இல்லை.

"வாப்பாட கபுறாவது இருக்கு. அதுல போய் ரெண்டு பேருக்குமா ஒரு யாசீன் ஓதுவம்" என்று அவர் சொன்னார். அதற்காகத்தான் நான் பஸ் ஏறினேன்.

மையவாடி என்று அவர் காட்டிய இடத்தில் ஈச்சம்பற்றைதான் இருந்தது. மதில் இல்லை, வாசல் இல்லை, ஒரு கபுறும் இல்லை. அவர் முள்ளுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். "இஞ்சதான், இந்தப் பூவரசுக்குக் கிட்டத்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் பற்றைக்கு வெளியே வெட்டையில், பவளப்பாறையில் வெட்டிய இரண்டு முருகைக்கற்கள் நட்டிருப்பதைக் கண்டார். வடக்கே தலைமாடு, தெற்கே கால்மாடு. இரண்டு கல்லைக் கண்டால் நடுவில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்று எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்?

சுற்றிவர ஆட்டுப் புழுக்கை. கையாலேயே கூட்டித் தள்ளினேன். அவர் குந்தியிருந்து ஓதினார். துஆவில் வாப்பாவின் பெயரைச் சொன்னார், பிறகு மகளின் பெயரைச் சொன்னார். சுனாமிக்குப் பிறகு அவர் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. அல்லாஹ் ஓர் இடத்தைக் காட்டிவிட்டான் என்று நினைத்தேன்.

திரும்பினால், ஓர் ஆட்டையும் குட்டியையும் பிடித்துக்கொண்டு வயதான அம்மா ஒருத்தி நின்றாள். நாங்கள் முடிக்கும்வரை பொறுத்து நின்றிருக்கிறாள்.

"முடிஞ்சுதோ? ஆரைத் தேடி வந்தனியள்?"

"இது எங்கட வாப்பாட கபுறு, அம்மா" என்றார் அவர்.

அவள் கல்லைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "ஐயோ தம்பி, இது ஆடு கட்ட எங்கட அவர் கொண்டந்து நட்ட கல்லெல்லோ. இது ஆட்டுக்கு, அது குட்டிக்கு. நீங்கள் போனாப்பிறகு உங்கட சவக்காலைக் கல்லெல்லாம் சும்மா கிடந்தது. ஆளாளுக்கு எடுத்து வேலிக்கும் கிணத்துக்கும் வைச்சினம், இவரும் ரெண்டு கொண்டந்தார். எது ஆற்ற கல்லெண்டு ஆர் கண்டது?"

"அவங்க போகல்ல. தொரத்தினாங்க" என்றேன் நான்.

"ஓம் பிள்ளை. தெரியும்" என்றாள் அவள்.

அந்த 'ஓம்' எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அவளோ அலவாங்கு கொண்டுவந்து ஆட்டின் கல்லைக் கிண்டி எடுத்தாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், அவர் கையில் தந்தாள். "குட்டியின்ர கல்லு நிக்கட்டும் தம்பி. கட்டாட்டி அது கடற்கரைக்கு ஓடிடும்."

அவர் கல்லைச் சால்வையில் சுற்றினார். "ஆர்ர கல்லா இருந்தா என்ன? ஒரு மையித்திர தலைமாட்டுல நின்ட கல்லு. மையித்தெல்லாம் அடக்கின அந்தக் குழிக்கிட்ட புள்ளைக்கெண்டு நடுவம்" என்றார். நானும் ஓம் என்றேன். வீண் பயணம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இறங்குதுறையில் ஒரு சீருடைக்காரன் சால்வையை அவிழ்க்கச் சொன்னான். பக்கத்தில் நின்ற பலகையைக் காட்டினான். தீவிலிருந்து முருகைக்கல் கொண்டுபோகத் தடையாம். "பழைய சாமான். கொண்டு போக ஏலாது" என்றான். சொல்லும்போது அவனுடைய ஒரு சப்பாத்து முருகைக்கல் மதிலின் மேல் இருந்தது.

"இது மீசான் கல்லு" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. கடலைக் காட்டி, "அங்க போடு" என்றான்.

என் கணவர் சால்வையிலிருந்து கல்லை எடுத்தார். போ என்றால் போய்ப் பழகியவர். குனிந்து தண்ணீருக்குள் விட்டார். எங்கள் பிள்ளையைத் தின்ற கடலுக்குத் தொட்டுக்கொள்ள அந்தக் கல்லும் வேண்டியிருந்தது.

வள்ளத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கேட்டாள்: "எங்க போய் நின்டீங்க? கோட்டையப் பாக்காம உட்டுட்டீங்களே, என்ன வடிவு தெரியுமா?"

நான் வெறும் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு வள்ளம் கவிழ்ந்திருக்கும்.

மற்றக் கல் இன்னும் அங்கேதான் நிற்கும். நிற்கட்டும். அந்தக் கல்லாவது ஒரு குட்டியைக் கடலுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.