உப்பு என்று வந்த உரம்

ஆண்டிமடம் பக்கம் எங்களுக்கு நெல்வயல் உண்டு. சென்ற நடவுக்கு என் கொழுந்தனார், பிரெஞ்சுக்காரர் ஆளும் காரைக்காலிலிருந்து ஒரு மூட்டை நைட்ரேட் உரம் கொண்டுவந்தார். எல்லையில் சுங்கச் சாவடி வந்த புதிது. உரத்துக்குப் பர்மிட் வேண்டும், உப்புக்கு வேண்டாம் என்று யாரோ சொன்னார்களாம். பார்வைக்கும் உப்புப் போலவே இருந்ததால், மூட்டையில் ‘உப்பு’ என்று எழுதிக் கடத்திவிட்டார். எங்களிடம் சொல்லாமல் அடுக்களை ஓரத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் நடவாட்களின் கஞ்சியில் அதைத்தான் அள்ளிப் போட்டேன். வயலில் முதலில் குடித்தவள் அஞ்சலை.

“என்னங்கம்மா, கஞ்சி கசக்குது?”

“புது மூட்டை உப்பு, அதான்” என்றேன்.

வரப்பில் நின்ற கொழுந்தனார், “ஐயோ அண்ணி, அது உரம்! யாரும் குடிக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

அதற்குள் அஞ்சலை வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தாள். வண்டி கட்டி ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம்.

“என்ன சாப்பிட்டாங்க?” என்று டாக்டர் கேட்டார். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். கேஸாகிவிடுமோ என்ற பயம். அஞ்சலையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

“நைட்ரேட் உரங்க. உப்புன்னு பொய் சொல்லிக் கொண்டாந்தது” என்று நானே சொல்லிவிட்டேன்.

“நல்லவேளை சொன்னீங்க” என்று டாக்டர் உள்ளே விரைந்தார். அஞ்சலை பிழைத்துவிட்டாள்.

இப்போது உரம் எங்கள் வாசற்படி ஏறுவதில்லை. வயல் கொட்டகையில் பூட்டி வைக்கிறோம். நடவாட்களுக்குக் கஞ்சி ஊற்றும்முன், அவர்கள் கண்ணெதிரே முதல் வாய் நான் குடிக்கிறேன்.