ஆள் வரும்வரை புறப்படாத பஸ்

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 5.55. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயில் நேரம் தவறாமல் புறப்பட்டது. என் அருகில் என் விடுதித் தோழி தர்ஷினி; எதிரே அவள் வகுப்புத் தோழன் நிமேஷ். இருவரும் வடிவமைப்புத் துறை இறுதியாண்டு மாணவர்கள். ஹட்டன் பஸ் நிலையத்தின் நெரிசலுக்குத் தீர்வு தேடி, டெப்லெட்டில் ஆடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கியிருந்தனர். திரையில் தோன்றும் தமிழ் வாக்கியங்களை எழுதும் பணி இலக்கிய மாணவியான எனக்கு.

மறுநாள் பத்து மணிக்கு ஹட்டனில் நடுவர்கள் கூடுவார்கள். மாணவர் திட்டங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, நிலையத்திலேயே அமைத்துப் பார்க்க அனுமதிப்பார்கள். அந்த நிலையத்தில் மழையில் நனைந்தபடியே பள்ளிக்காலத்தைக் கழித்தவள் தர்ஷினி. வட்டவளையில் மூடுபனி பெட்டிக்குள் வந்து அமர்ந்தபோதும் அவள் விளையாட்டின் விதிகளையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முற்பகல் 11.20. ஹட்டனில் இறங்கி, அவள் ஊரான பொகவந்தலாவைக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். தூரம் சுமார் இருபது கிலோமீற்றர். ஓர் இருக்கையில் ஒரு கோவா, முழு முட்டைக்கோஸ், மட்டும் அமர்ந்திருந்தது. அதை நகர்த்த முனைந்தேன்.

"அதுல ஆளு இருக்காங்க தங்கச்சி" என்றார் நடத்துநர்.

"கோவாதானே இருக்கிறது?"

"அவங்க கோவாதாங்க அது. மீன் வாங்கப் போயிருக்காங்க."

மீன் வந்தது, அதன் பிறகே பஸ் புறப்பட்டது. எங்கள் விடுதி இருக்கும் கொழும்பு வெள்ளவத்தையில், படியில் கால் பதியுமுன்னே பஸ் நகர்ந்துவிடும்.

பிற்பகல் 4.00. தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில், வேலை முடிந்து வந்த சில பெண்களிடம் விளையாட்டைக் கொடுத்தோம். குறித்த நேரத்தில் பஸ்களை அனுப்பினால் புள்ளி கூடும், தாமதித்தால் குறையும். முதலில் ஆடியவர் சரோஜா அக்கா. திரையில் கடைத்தெரு ஓரமாக நின்ற சிறு உருவம் ஒன்றைக் கண்டதும் அவர் விரல் நின்றுவிட்டது.

"அடியே, மேரி இன்னும் மீன்கடையில நிக்கிறா!"

பக்கத்திலிருந்த மேரி அக்கா எட்டிப் பார்த்தார். "நானா அது? கொண்டையப் பாரு. ஒன் மாமியாரு."

"அப்ப பஸ்ஸ விட்டுருவோம்."

சிரித்தார்களே தவிர, ஒருவரும் பஸ்ஸை விடவில்லை. சிங்களம் பேசும் நிமேஷ் தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினான்: "அக்கா, டைம் முடிஞ்சது. பஸ் போகணும்."

"போகட்டும் தம்பி. ஆளு வந்து ஏறுனதும் தாராளமா போகட்டும்."

புள்ளி பூச்சியமாகி, "தாமதத்தின் காரணமாக நிலையம் மூடப்படுகிறது" என்னும் என் வாக்கியம் தோன்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து ஆடியவர்களும் அவ்வாறே தோற்று, அவ்வாறே மகிழ்ந்தார்கள்.

"அடுத்த பஸ்ல வரலாம்தானே?" என்றான் நிமேஷ்.

"வரலாம். எறங்கி மல ஏறணுமே, இருட்டுல ஒத்தையில. சேந்து போனா சேந்துதான் வருவோம்" என்றார் சரோஜா அக்கா.

தர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள். "இது எனக்கே தெரியுமே! கொழும்புல ஒக்காந்து செஞ்சதுல விட்டுட்டேன். நாளைக்கு நடுவருங்க முன்னுக்கு என்னத்தக் காட்டுறது?"

மாலை 6.30. அவள் வீட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "பஸ்ஸ ஓட வைக்க ஏலாது. மேரி அக்காவ ஓட வைக்கலாம்" என்றாள் திடீரென்று. பஸ் புறப்படச் சற்று முன் கடைத்தெருவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, கடைகளில் நிற்பவர்களை அழைக்க வேண்டும். நிமேஷ் அதை விளையாட்டில் சேர்த்தான். அண்டை லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்து மீண்டும் ஆடிய சரோஜா அக்கா, "ஓடுடி மேரி!" என்று கத்தினார். பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, நேரத்திற்கே புறப்பட்டது.

மறுநாள் காலை, ஹட்டன். நடுவர்கள் ஆடிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்: "திரையில் ஓடுகிறார்கள். தெருவில் ஓடுவார்களா?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். கடைத்தெருவுக்கு இழுத்துச் சென்று, என் இரு கைகளிலும் காய்கறிப் பைகளைத் திணித்தாள். கடைத்தெருவின் கோடியில் நிமேஷ் ஒரு சிவப்பு விளக்கை உயர்த்திப் பிடித்தான். பொது இடத்தில் உரக்கப் பேசவும் கூசும் நான், அது எரிந்ததும் ஓடினேன். "ஓடு தங்கச்சி, ஓடு!" என்றனர் கடைக்காரர்கள். நிலையத்தை அடைந்தபோது, புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் நடத்துநர் ஓங்கித் தட்டினார்.

"ஆளு வருது! நிப்பாட்டுங்கண்ணே!"

பஸ் நின்றது. அவர் என் பைகளை வாங்கிக்கொண்டார்; பயணிகள் நகர்ந்து இடம் தந்தார்கள். இத்தனை பேர் எனக்காகக் காத்திருக்கையில் விளக்கம் சொல்வது மரியாதையாகத் தோன்றவில்லை. ஏறினேன். சன்னல் வழியே, நடுவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

நான்கு கிலோமீற்றர் கடந்தபின் தொலைபேசி ஒலித்தது.

"நாங்கதான்டி! எங்களத்தான் எடுத்திருக்காங்க!" தர்ஷினி அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. "நீ எங்க இருக்க?"

"டிக்கோயாவில்" என்று சொல்லி இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றேன்.