பாதி அட்டை

மாம்பழம் சீவும் கத்தியால் மாத்திரை அட்டையை நடுவில் கீறி, ஒரு பாதியை அக்கா என் முந்தானையில் போட்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சித்தூரில் அது ஒரு ஜூஸ் ஃபேக்டரி. எல்லை பிரித்தபோது ஆந்திராவிலேயே நின்றுவிட்ட எங்கள் தமிழ்க் கிராமங்களிலிருந்து, மாம்பழ சீசனில் பெண்கள் பஸ் பிடித்து வேலைக்கு வருவோம். நான் புதிது. பக்கத்தில் நின்று பழம் சீவியவர்தான் அக்கா.

கழிப்பறை என்று ஒன்று இருந்தது, ஆண்கள் லாரியிலிருந்து பழம் இறக்கும் இடத்தைத் தாண்டி, தாழ்ப்பாள் இல்லாமல். யார் போவார்கள்? தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு நிற்போம். நீர்க்கடுப்பு யாரையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். டாக்டரிடம் போனால் அன்றைய கூலி போய்விடும். அதனால் ஒருத்தி மெடிக்கலில் மாத்திரை வாங்கினால், எரிச்சல் அடங்கியதும் மீதியை அடுத்தவளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுக்காதவளை அக்கா எல்லார் முன்னாலும் ‘கஞ்சப் பிசினாரி’ என்று திட்டுவார்.

"எனக்கு எரிச்சல் நின்னு போச்சுடி. இன்னும் எதுக்குத் துன்னுகினு இருக்கணும்? நீ துன்னு" என்றார் அன்று. எனக்கு அந்தப் பாதியிலேயே சரியாகிவிட்டது. அது வெறும் அதிர்ஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு மாத்திரை, ஒவ்வொரு முறையும் பாதி. ஒரு சீசனில் குளிர் ஜுரம் வந்து, திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது, சிறுநீரைச் சோதித்த டாக்டர் தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தார். அரைகுறையாகத் தின்ற மாத்திரைகளுக்குத் தப்பிய கிருமிகள் பெருகிவிட்டன, இனி எந்த மாத்திரையும் அவற்றைக் கொல்லாது, ஊசி போட்டுப் பார்க்கிறோம், சிறுநீரகம் தாங்க வேண்டும் என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனுக்கு அப்புறம் வரலதானேடி?"

"வரலக்கா."

"அது போதும்."

என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் சந்தோஷப்பட்டார். ஊசிக்கும் ஜுரம் அடங்காமல் அந்த வாரமே போய்விட்டார். அவர் தின்றிருக்க வேண்டியதை நான் தின்றேன் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

போன வாரம் எனக்கு மறுபடி வந்தது. டாக்டர் எழுதிய மாத்திரையில் எரிச்சல் சீக்கிரமே நின்றுவிட்டது. அதே கடுப்போடு பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். "உனுக்குத்தான் நின்னு போச்சே, மீதிய குடுக்கா." தரமாட்டேன் என்று சொல்லி, அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

நேற்று கடைசி மாத்திரையையும் விழுங்கினேன். அட்டை முழுசாக, கீறாமல், காலியாகக் கையில் இருந்தது. அக்கா இருந்திருந்தால் என்னைக் கஞ்சப் பிசினாரி என்றிருப்பார். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.