செருப்புக்குள் புளியங்கொட்டை

அன்று விடியத் தேத்தண்ணிக் கொட்டிலில் இருந்தவர்களைச் சொல்கிறேன். லீடர் அக்கா இருந்தா. சமைக்கிற அக்கா அடுப்போடு நின்றா. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவள் இருந்தாள். அம்புலன்சோடு வருகிற மருந்துத் தம்பி இருந்தான். மோட்டார் சைக்கிளில் சாமான் கொண்டுவந்து விற்கிற முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், இருந்தார். பிறகு நான்.

சண்டை நின்றிருந்த காலம். முரசுமோட்டைப் பக்கம் வயலுக்குள் கண்ணிவெடி எடுக்கிற வேலை. எங்கள் குழுவில் எல்லாரும் பெண்கள். வயலோரத்தில் தகரக் கொட்டில் போட்டுத் தங்கினோம். ஆளுக்கொரு பாதை. இரண்டு பக்கமும் தடி நட்டிருக்கும். அதற்குள் முழங்காலில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குப் போகவேண்டும்.

எனக்கு நித்திரை இல்லை. ஏன் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியாதுதான். படுத்தால் கண் மூடும், மண்டை மூடாது. அதற்கு முதல் நாள் பாதைக்குள் முழங்காலில் நின்றபடியே தூங்கி விழப் பார்த்தேன். தலைக்கவசம் முன்னுக்குச் சரிந்தது. லீடர் அக்கா பார்த்துவிட்டா. வெளியே கூப்பிட்டா. ஏசவில்லை.

"நாளையிலயிருந்து நீ தடிக்குப் பெயின்ற் அடி," என்றா.

பெயின்ற் அடிக்கத் தடி கொஞ்சம்தான் கிடந்தது. அது முடிந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். என் பிள்ளைகள் இரண்டு பேரும் புதுக்குடியிருப்பில் தங்கச்சியோடு. உழைக்கிறது நான் ஒருத்தி.

அதனால்தான் அந்தக் கொட்டிலில் எல்லாரும் என் நித்திரையைக் கதைத்தார்கள்.

சமைக்கிற அக்கா நல்லெண்ணெய் வைத்து முழுகச் சொன்னா. நானா சாதிக்காய் என்றார்.

"எங்கட உம்மா சாதிக்காய உரைச்சுக் குடுத்தா மாடும் குறட்டை விடும், தங்கச்சி."

"மாட்டுக்கு ஏன் நானா குடுத்தீங்க?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. அவளுடைய ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள். வாய் சும்மா இராது.

"அது இரவெல்லாம் கத்தி எங்களப் படுக்க விடல்ல. அதுக்குத்தான்."

நான் தம்பியைப் பார்த்தேன். "நித்திரைக் குளிசை இல்லையோ?"

"இருக்கு அக்கா. வேலை செய்யும், கெதியாச் செய்யும். ஆனா விடியவும் உடம்பில நிக்கும். குளிசை போட்ட ஆளைப் பாதைக்க விடேலாது. கன நாள் போட்டா அது இல்லாமப் படுக்கவும் கஸ்ரம்."

அந்தக் கதவு மூடிவிட்டது.

"அப்ப எண்ணெயும் வைச்சு, சாதிக்காயும் குடிக்கிறன்," என்றேன்.

லீடர் அக்கா கோப்பையை வைத்தா. "எல்லாத்தையும் ஒண்டாச் செய்து நித்திரை வந்தா, எது தந்தது எண்டு எப்பிடிச் சொல்லுவாய்? ஒரு பாதைக்க ஒரு ஆள்தான். முதல் சாதிக்காய்."

பிறகு இன்னொன்றும் சொன்னா. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வெடி எடுத்தவளே, இந்த நிலம் துப்புரவு என்று சொல்லக்கூடாது. வேறொருத்தி வந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

"நித்திரை கொண்டனான் எண்டு நீ சொன்னாலும் எடுக்கமாட்டன். கொள்ளேல்லை எண்டு சொன்னாலும் எடுக்கமாட்டன்."

இரவில் முறை வைத்து ஒருத்தி காவல் இருப்பாள். நடுச்சாமத்திலிருந்து மணிக்கொரு தரம் கொட்டிலுக்குள் வருவாள். விடிய எழும்பும்வரை ஐந்து தரம். என் கட்டிலடியில் நின்று மெல்லமாக "முழிப்போ" என்று கேட்கவேண்டும். நான் ஓம் என்றால் என் செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டை. பதில் இல்லையென்றால் பேசாமல் போகவேண்டும். இதுதான் லீடர் அக்கா போட்ட சட்டம்.

தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதிரையை இழுத்துக் கிட்ட வந்தான்.

"சாதிக்காய் எண்டு தெரிஞ்சு குடிச்சா, அந்த நினைப்பிலயே கண் சொருகும். தெரியாமக் குடுக்கோணும்."

அதைச் சமைக்கிற அக்கா பொறுப்பெடுத்தா. மல்லியும் இஞ்சியும் மிளகும் போட்டுக் காரமாக அவித்தா. ஆறு இரவு தந்தா. மூன்று இரவுக்கு அதில் சாதிக்காய் உண்டு, மூன்று இரவுக்கு இல்லை. எது எந்த இரவு என்று அவாவுக்கு மட்டும் தெரியும். சுளகுக்குப் பின்பக்கம் கரியால் கீறி வைத்தா. சுளகை ஒருத்தரும் தொடக்கூடாது.

அந்த ஆறு நாளும் முகாம் முகாமாக இருக்கவில்லை. விடியத் தலைக்கவசம் போட முதல் எல்லாரும் என் செருப்பைப் பார்க்க வருவார்கள். அங்கால் குழுவிலிருந்தும் வந்தார்கள். பாதையால் வெளியே வருகிறவள் தண்ணீர் குடிக்க முதல், "இண்டைக்கு எத்தினை" என்று கேட்பாள். என் முகத்தைப் பார்த்து, "நேத்துச் சாதிக்காய்தான்" என்று ஒருத்தி சொல்வாள். "போடி, வெறும் மல்லி," என்று மற்றவள் சொல்வாள். எனக்கும் விடியட்டும் என்று இருந்தது. அப்படி இருந்து கனகாலம்.

ஒரு இரவு மூன்று கொட்டைதான். அது சாதிக்காய் என்று நானே சொன்னேன். சத்தியம் பண்ணவும் ஆயத்தமாக இருந்தேன்.

ஆறாம் இரவும் முடிந்த விடிய நானா நேரத்தோடு வந்தார். சமைக்கிற அக்கா சுளகைத் திருப்பினா. மூன்று கொட்டை விழுந்த இரவு வெறும் மல்லி.

சாதிக்காய் இரவு மூன்றுக்கும் பன்னிரண்டு கொட்டை. வெறும் மல்லி மூன்றுக்கும் பதினொன்று.

நானா சுளகை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "மல்லியிலயும் ஒரு குணம் இரிக்கி," என்றார்.

"அப்ப இனி மல்லி விக்கப் போறீங்களா நானா?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"எப்பயும் விக்கிறதுதானே புள்ள."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தடிக் குவியலைப் பார்த்தேன். பாதிக்குக் கிட்டப் பெயின்ற் அடித்தாயிற்று.

"ஆறு இரவை வைச்சுச் சாதிக்காய் சரிவராது எண்டு முடிவு சொல்லேலாது," என்றான் தம்பி. "ஆனா அக்காவைப் பாதைக்க விட இது காணாது." பிறகு, வவுனியாவில் ஒரு வகுப்பில் டொக்டர் ஒருவர் சொன்னதைச் சொன்னான். எண்ணெய், கசாயம், குளிசை என்று எத்தனையோ இருந்தாலும், கனபேரில் செய்து பார்த்து, கனநாள் நின்றுபிடிக்கிறது என்று கண்டது வேறு ஒன்றாம். அதற்கு மருந்தே இல்லையாம். பிந்திப் படுக்கவேண்டும். என்ன வந்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்பவேண்டும். பகலில் சரியக்கூடாது. படுத்து நித்திரை வராவிட்டால் புரளாமல் எழும்பி வெளியே போய் இருக்கவேண்டும். கண் சொருகினால்தான் திரும்பக் கட்டில்.

நான் செய்தது எல்லாம் நேர்மாறு. நித்திரை இல்லை, நித்திரை இல்லை என்று சாப்பிட்ட கையோடு போய்ப் படுப்பேன். பெயின்ற் அடிக்கத் தொடங்கியபின் மத்தியானத்தில் சாக்கின்மேல் சரிவேன்.

பக்கத்துக் கட்டில்காரிக்கு அது பிடிக்கவில்லை. "தூக்கம் வராதவள எழுப்பி ஒக்கார வைக்கிறதா மருந்து? பசிக்கிறவளுக்கு முன்னால சோத்துப் பானைய மூடி வைக்கிற மாதிரியில்ல இருக்கு."

"ஓம். நல்லாப் பசிக்கட்டும் எண்டுதான்," என்றான் தம்பி.

லீடர் அக்கா தடிகளைப் பார்த்தா. "இன்னும் ஒரு கிழமைக்குக் காணும். ஏழு இரவுக்கும் சேர்த்துப் பத்துக் கொட்டைக்குள்ள நிண்டா பாதைக்கு வா. பத்துக்கு மேல போனா வீட்ட போ."

மூன்று இரவுக்குப் பதினொன்று போட்டவள் நான். என்றாலும் ஓம் என்றேன்.

முதல் இரவு நாலு விழுந்தது. வெளியே காவல்காரியோடு இருந்து பனியில் நடுங்கினேன்; வெளியே இருந்தாலும் மணிக்கொரு கொட்டைதான். பகலில் கண் மிளகாய் பட்டமாதிரி எரிந்தது. சாக்குப் பக்கமே போகாமல் நின்றபடி பெயின்ற் அடித்தேன். சரியப் பார்த்தால் சமைக்கிற அக்கா குசினியிலிருந்து அகப்பையால் தகரத்தில் தட்டுவா. அடுத்த இரவு இரண்டு. ஆறு போய்விட்டது. மிச்சம் ஐந்து இரவு, நாலு கொட்டை.

மூன்றாம் நாள் விடிய நான் செருப்புக்குள் கைவிட, லீடர் அக்கா பிடித்துக்கொண்டா.

"இரவு முழுக்க நீ செருப்பைத்தான் நினைச்சுக்கொண்டு படுக்கிறாய். இனி நான் எடுத்து வைக்கிறன். ஒருத்தரும் கேக்கக்கூடாது."

முதல் விழுந்த ஆறையும் சேர்த்துக் கொட்டைகளைப் பால்மாத் தகர ரின்னில் போட்டுத் தன் பெட்டிக்குள் வைத்தா. காவல் இருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. நான் எத்தனை தரம் ஓம் என்றேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கேட்டதும் சொன்னதும் கனவோ என்றும் இருந்தது. ஒரு நாள் விடிய யாரோ கட்டில் காலில் உதைந்தார்கள்.

"எழும்பு. மணி அடிச்சு எல்லாரும் போயாச்சு. ஒன்னய எழுப்புற நாளும் வந்திருச்சே," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. முகம் கழுவிப் பெயின்ற் தகரத்தைத் தூக்கினேன். சந்தோசம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

ஏழு இரவும் முடிந்த விடியல், பெயின்ற் அடிக்க ஒரு தடியும் மிச்சமில்லை. எல்லாரும் உடுப்பு மாட்டி, தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கொட்டிலைச் சுற்றி நின்றார்கள். நானா வந்து மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிற்பாட்டாமல் நின்றார். எல்லாரும் சத்தம் போட்டபிறகு நிற்பாட்டினார். என்னுடைய தலைக்கவசம் மேசையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் உடுப்புப் பை, பத்துக்கு மேல் போனால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு.

லீடர் அக்கா ரின்னைச் சரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தா. பக்கத்துக் கட்டில்காரி எண்ணினாள். ஆறு மட்டும் எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழு விழுந்தது. குரல் குறைந்தது. எட்டு விழுந்தது. அவள் மட்டும் எண்ணினாள். இன்னொன்று விழுந்து மேசையில் உருண்டது. தம்பி அதைக் கையால் மறித்தான்.

லீடர் அக்கா ரின்னைக் கவிழ்த்துத் தட்டினா. ஒன்றும் விழவில்லை. உள்ளே விரல் விட்டுப் பார்த்தா. பிறகு மேசையில் கிடந்ததைத் தான் ஒருதரம் எண்ணினா.

ஒன்பது.